துண்டுக்குத் தெரிந்த விலை

கருக்கம்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு துண்டு இருந்தது. தரகர் திருமூர்த்தியின் இடது தோள்தான் அதற்கு விலாசம்.

பிறந்தது தறியில் என்றாலும் அது வளர்ந்தது சந்தை வாசல் டீக்கடையில். பாய்லர் மூடியைத் தூக்க, பால் சட்டியை இறக்க, சிந்தியதைத் துடைக்க என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் இழுப்பார்கள். ஒருநாள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள அதை வாங்கிப்போன திருமூர்த்தி திருப்பிக் கொடுக்கவே இல்லை. துவைத்து நீலம் போட்டுத் தோளில் ஏற்றிவிட்டார். சூடுபட்டுப் பிழிபட்டு மேலே வந்த துண்டு அது. அதனால் அதற்கு வாயும் அதிகம், கோபமும் அதிகம்.

அந்தச் சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் விற்கிறவரின் கையைப் பிடித்துத் துண்டால் மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்தினால் எத்தனை ஆயிரம் என்பது பிடித்த கைக்கும் பிடிபட்ட கைக்கும் மட்டும் தெரியும். பிறகு நாலு எட்டு நடந்து, வாங்குகிறவரின் கையைப் பிடித்து, அதே துண்டால் மூடுவார். ஒரு கையில் கேட்டது மறு கைக்கு அப்படியே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அந்த நாலு எட்டில்தான் திருமூர்த்தியின் குடும்பமே நடந்தது.

"இந்தச் சந்தையில வெலை பேசறது நான்தான்" என்று துண்டு மாடுகளிடம் சொல்லும். "விரலு என்ன பெரிய விரலு? அது கூலிக்காரன். மொதலாளி நானு."

"அப்படின்னா போன வாரம் போன காராம்பசு என்ன வெலைக்குங்க போச்சு?" என்று ஏதாவது கன்று கேட்டுவிட்டால் போதும். தொழில் ரகசியத்தைக் கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாயா என்று எரிந்து விழும்.

உண்மையில் துண்டுக்கு ஒரு விலையும் தெரியாது. விரல் பேசுவது விரலுக்குத்தான் கேட்கும். துண்டு மேலே கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அதற்குள்ளே எத்தனையோ மாடுகள் கைமாறியிருக்கின்றன. அதன் காதில் ஒரு எண்கூட விழுந்ததில்லை. இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பதால்தான் அது அவ்வளவு சத்தம் போட்டது.

அப்படியிருக்கும்போது சந்தைக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் வந்தது.

கொண்டுவந்தவர் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்லமுத்து. அவருக்குத் துண்டுகளைக் கண்டாலே ஆகாது. உள்ளே என்ன விலை பேசுகிறார்கள் என்று தெரிந்தால் அல்லவா அதற்குத் தகுந்த மாதிரி சுங்கத்தை ஏற்ற முடியும்? எவனைக் கேட்டாலும், "ஏதோ போச்சுங்க" என்கிறான். டவுனில் ஒரு ஓட்டலை இடித்தபோது அங்கே மேனேஜர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஹாலில் இருந்த குழாயை அவர் பழைய இரும்பு விலைக்கு அடித்துப் பேசி வாங்கிவந்து, சந்தை நடுவிலிருந்த கம்பத்தில் கட்டினார். கீழே ஒரு மைக். விற்கிறவர் ஒருபக்கம், வாங்குகிறவர் ஒருபக்கம். எல்லாமே வெளிப்படை.

"இன்னிக்கு ஒரு சந்தை பாக்கறேன். மத்தியானம் வரைக்கும் எல்லாரும் மைக்குலதான் பேசோணும்" என்றார் செல்லமுத்து. "மைக்குல யாவாரம் ஆயிருச்சுன்னா, அடுத்த சந்தையில இருந்து துண்டு போட்டுப் பேசறவனுக்குக் கேட்டுலயே எடமில்லை."

திருமூர்த்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று நடந்தால் இந்தத் துண்டை உனக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று டீ மாஸ்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மாஸ்டர் சிரிக்கவில்லை. பாய்லர் துணி கிழிந்துபோய்க் கை சுடுவதாகவும், எப்போது தந்தாலும் சரி என்றும் சொன்னார்.

துண்டுக்கு அடிக்கரையிலிருந்து மேல்கரை வரை சில்லிட்டுப் போனது. மறுபடியும் பாய்லரா?

அந்தப் பயத்தை அது குழாய் மேல் காட்டியது. "டேய் குழாய்! எறங்கி வாடா கீழ. உனக்குத் தெரியுமாடா மாட்டு யாவாரம்?"

குழாய் தொண்டையைக் கனைத்தது. அது படித்த குழாய். "நண்பரே, நிர்வாகத்தின் உயிர்நாடி தகவல் தொடர்பு. தகவல் தொடர்பில் மூன்று உண்டு. அனுப்புநர், செய்தி, பெறுநர். செய்தி தெளிவாக இருக்க வேண்டும். உரக்க இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் எல்லோரையும் சென்றடைய வேண்டும்."

"போய்ச் சேந்ததுக்கு அப்புறம் அவன் என்ன சொல்றான்னு எப்படித் தெரியும்?"

"எவன்?"

"அதான், பெறுநர்."

குழாய் தன் பாடத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தது. வகுப்பு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் அந்த ஹாலில் குழாயை அணைத்துவிடுவது வழக்கம். அதனால் உலகத்தில் பதில் என்று ஒன்று இருக்கிற விவரமே அதற்குத் தெரியாது.

"அது பாடத்தில் இல்லை, நண்பரே" என்றது.

முதலில் ஒரு காளைக்காரர் மைக் முன்னால் நின்றார். வெள்ளைக் காளை, நல்ல உயரம். வாங்க வந்தவர் ஆறுச்சாமி. சந்தை சந்தையாகப் போய் மாடு பிடிக்கிற ஆள். காளைக்காரர் மைக்கில் அறுபத்தைந்தாயிரம் என்றார். குழாய் அதை ஊருக்கே சொன்னது. ஆறுச்சாமி நாற்பது என்றார். அதையும் சொன்னது.

அவ்வளவுதான். வண்டி சேற்றில் இறங்கிவிட்டது.

துண்டுக்குள்ளே என்றால் அறுபத்தைந்து அறுபதாகும், அறுபது ஐம்பத்தைந்தாகும். எவன் இறங்கினான், எவன் ஏறினான் என்பதற்குச் சாட்சி கிடையாது. இங்கே அப்படியா? காளைக்காரரின் சம்பந்தி வீட்டார் சோளத்தட்டு வாங்க வந்து அங்கேயே நிற்கிறார்கள். அவர்கள் காதுபட அறுபத்தைந்து என்று சொல்லிவிட்டு எப்படி இறங்குவார்? ஆறுச்சாமியின் பங்காளி நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது என்று அடித்துச் சொன்னவர் அவர்கள் முன்னால் எப்படி ஏறுவார்? இரண்டு பேர் மனசிலும் ஐம்பத்திரண்டு என்ற ஒரே எண்தான் இருந்தது. அதை மனசிலிருந்து வாய்க்குக் கொண்டுவரத்தான் வழியில்லை.

ஏன் நாற்பது என்று நியாயம் சொல்லவேண்டி வந்தது ஆறுச்சாமிக்கு. பல் தேய்ந்துவிட்டது, பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். தரகர் காதில் மெல்லச் சொல்ல வேண்டிய சமாச்சாரம் அது. குழாய் அதை நாலு திசைக்கும் அனுப்பியது. எதிர்ப்பக்கம் கட்டியிருந்த கிடாரிகள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தன. காளை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"என்ற பல்லைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டானே துண்டண்ணே" என்று முனகியது.

"அழுவாத. எல்லாம் அந்தத் தகரத்தோட வேலை" என்றது துண்டு. சொல்லும்போதே அதற்கு உள்ளுக்குள் இனித்தது.

மத்தியானம் வரை ஒரு மாட்டுக்குக்கூடக் கயிறு கை மாறவில்லை. விற்கிறவர்கள் சொன்ன விலையில் நின்றார்கள். வாங்குகிறவர்கள் கேட்ட விலையில் நின்றார்கள். சந்தையே முறைத்துக்கொண்டு நின்றது. குழாய் மட்டும் சந்தோஷமாக இருந்தது. அனுப்பவேண்டிய செய்தியெல்லாம் அனுப்பியாகிவிட்டதே!

"பாத்தியாடா?" என்று துண்டு எகிறியது. "நான் இல்லாம ஒரு மயிரும் நடக்காது இங்க. எல்லாப் பேச்சும் எனக்குள்ளதான்."

அந்த நேரத்தில்தான் துளசிமணி ஒரு செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். அவள் வீட்டுக்காரர், மாட்டுக்கு என்ன விலை என்று யாராவது கேட்டால், "நீங்களே பாத்துக் குடுங்க" என்கிற ரகம். அதனால் அவரைச் சந்தைக்கு வரவே விடமாட்டாள். போன தடவை கொழுந்தனை அனுப்பினாள். அவன் துண்டுக்குள் கைவிட்டுப் பேசி ஒரு விலையைச் சொன்னான். வாங்கிப்போனவன் பொண்டாட்டி பஸ்ஸில் வேறு விலையைச் சொன்னாள். இந்தத் தடவை அவளே வந்துவிட்டாள்.

ஆறுச்சாமி பசுவைச் சுற்றிவந்து பார்த்தார். மடியைத் தொட்டார். ஒரு பீச்சுப் பால் கறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து நின்றார். அப்படி ஒன்றும் சொல்லாமல் நின்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "ஏனுங்க்கா, ஆம்பளை ஆரும் வல்லீங்களா? உங்க கையை நாங்க எப்படிங்க பிடிக்கறது?"

"பிடிக்க வேண்டாமுங்க."

"அப்ப நீங்க நெனச்ச வெலைய எங்காதுல போடுங்க. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

"உங்க காதுல போட்டது அவரு கைக்கு என்னவா போய்ச் சேரும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். திருமூர்த்தியும் சிரிக்க வேண்டியதாயிற்று. செல்லமுத்து ஓடிவந்து மைக்கை அவள் பக்கம் திருப்பினார். ஒரு வியாபாரமாவது இதில் ஆகட்டுமே என்று அவருக்குத் தவிப்பு. அவள் மைக்கை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இதில் எவனாவது இருபதாயிரம் என்று கத்திவைத்தால் இந்த மாடு சாகிற வரைக்கும் இருபதாயிரத்து மாடாகத்தான் இருக்கும், அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"பாரு, இவளுக்குக் கைக்குள்ளயும் எடமில்லை, மைக்குலயும் எடமில்லை" என்று துண்டு செவலையிடம் இளக்காரமாகச் சொன்னது. "வந்த வழியே ஓட்டிட்டுப் போகச் சொல்லு."

"அவிய வந்த வழியே போற ஆளில்லீங்க" என்றது செவலை. அது அவளிடம் ஏழு வருஷம் பால் கொடுத்த பசு.

துளசிமணி கையை நீட்டித் திருமூர்த்தியின் தோளிலிருந்து துண்டை உருவினாள்.

"பெரிய முடிச்சு பத்தாயிரம். சின்ன முடிச்சு ஆயிரம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆறுச்சாமியிடம் சொன்னாள். "சம்மதமுங்களா?"

ஆறுச்சாமி கண்ணைச் சுருக்கினார். பிறகு தலையாட்டினார்.

அவள் திரும்பி நின்று முந்தானைக்குள் துண்டை இழுத்துக்கொண்டாள். அங்கே துண்டுக்கு நடந்ததை என்னவென்று சொல்வது? அதுவரை அதை விரிப்பார்கள், மடிப்பார்கள், உதறுவார்கள். முடிச்சுப் போட்டவர் யாருமில்லை. இவள் ஒரு முனையைப் பிடித்துத் திருகி, வளைத்து, உள்ளே விட்டு இழுத்தாள். துண்டு அலறியது. தன் அந்தஸ்து என்ன, தன்னைப்போய்ச் சாக்கு மூட்டை மாதிரிக் கட்டுகிறாயே என்று அவளை வண்டை வண்டையாகத் திட்டியது. பெரிசும் சின்னதுமாக முடிச்சுகள் விழுந்தன. சுருட்டிப் பந்தாக்கிச் செவலையின் முதுகில் வைத்தாள். கையோடு கை படவில்லை.

ஆறுச்சாமி அதை எடுத்துத் தன் சட்டைக்குள் விட்டுத் தடவினார். "அடேங்கப்பா" என்றார். கொஞ்சம் அவிழ்த்தார், கொஞ்சம் போட்டார், பசுவின் முதுகில் வைத்தார். அவள் எடுத்தாள், தடவினாள், உதட்டைப் பிதுக்கினாள். ஒரு சின்ன முடிச்சை மட்டும் அவிழ்த்தாள்.

பந்து போவதும் வருவதுமாக இருந்தது. சந்தையே கூடி நின்று பார்த்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சுருட்டிய துண்டும், அதைத் தாங்கிக்கொண்டு அசைபோட்டு நின்ற பசுவும்தான். இந்த விளையாட்டு வெகுநேரம் போகும் போலிருக்கிறது, முதுகு அரிக்கிறது, துண்டு கொஞ்சம் சொறிந்துவிட்டால் தேவலை என்று செவலை கேட்டது.

துண்டு திட்டுவதையே எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

முதல் தடவையாக அது எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கை மட்டும் இல்லை. ஆறுச்சாமி போட்ட கடைசி முடிச்சு தொளதொளவென்று இருந்தது. ஒரு விரல் பட்டால் அவிழ்ந்துவிடும். 'இது என் கடைசி இல்லை, இன்னும் கொஞ்சம் ஏறுவேன்' என்று அது சொன்னது. துளசிமணியின் விரலும் அதைத் தடவியபோது அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. அவளும் கேட்டுவிட்டாள். உடனே அதே இடத்தில் தன் முடிச்சைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துண்டுக்கு மூச்சு நின்றுவிட்டது. கல் மாதிரி இறுகிப்போன முடிச்சு. அந்த முடிச்சில் இருந்தது வெறும் ஆயிரம் இல்லை. கோடைக்குத் தீனி இல்லாத வீடு இருந்தது, ஏழு வருஷம் தண்ணி காட்டிய கை இருந்தது, இதற்குக் கீழே போனால் மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேருவேன் என்ற சத்தியம் இருந்தது.

ஆறுச்சாமி சட்டைக்குள் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார். அசையவில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. துண்டை அப்படியே, ஒரு முடிச்சையும் தொடாமல், பசுவின் முதுகில் திருப்பி வைத்தார்.

"கயித்தைக் குடுங்க, அம்மணி" என்றார்.

சந்தையில் அன்றைக்கு முதல் கயிறு கை மாறியது.

செல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்ன விலை என்று கேட்டார். ஆறுச்சாமி பீடி பற்ற வைத்தார். துளசிமணி, "ரண்டு பேருக்கும் கட்டுபடியாச்சுங்க" என்றபடி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு அவளுக்கே அடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்துத்தான் எடுத்தாள். துண்டை உதறித் திருமூர்த்தி கையில் கொடுத்தாள். அவருக்குச் சேரவேண்டிய தரகையும் சேர்த்தே கொடுத்தாள்.

தரகு வந்து என்ன? திருமூர்த்திக்கு வயிறு எரிந்தது. அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, இரண்டு பக்கத்து விலையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கு அவர் துண்டிலேயே வியாபாரம் நடந்திருக்கிறது, அவருக்கு ஒரு பக்கத்து விலைகூடத் தெரியாது. அந்த நாலு எட்டை ஒரு பசுவின் முதுகு தின்றுவிட்டது. துண்டை விரித்து வெயிலில் பிடித்து, எத்தனை சுருக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். போட்டதும் அவிழ்த்ததுமாக ஆயிரம் சுருக்கம் இருந்தது.

"என்ற துண்டே எனக்கு வேட்டு வெக்குதா?" என்று கறுவிக்கொண்டு, நேராக டீக்கடைக்கு நடந்தார். "இந்தா மாஸ்டர், புடி உன் பாய்லர் துணியை."

மாஸ்டர் கை நீட்டினார். பாய்லரின் சூடு துண்டின் கரையில் பட்டது. மற்ற நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். அன்றைக்கு அதற்குக் கத்தத் தோன்றவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு வருகிற நிதானம் அதற்கு வந்திருந்தது.

அப்போது அந்தக் காளைக்காரர் அவசரமில்லாத மாதிரி நடந்து வந்தார். சம்பந்தி வீட்டார் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"திருமூர்த்தி, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடு. வேர்வை தொடைச்சுக்கறேன்."

வேர்வை துடைக்கிறவர் எதற்குக் காளையின் மறுபக்கத்துக்குப் போக வேண்டும்? போனார். குனிந்து ஏதோ செய்தார். சுருட்டிக் காளையின் முதுகில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆறுச்சாமியும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். இரண்டே தடவைதான் பந்து போய்வந்தது. பல்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காளை தலையை நிமிர்த்திக்கொண்டு புது ஆளின் பின்னால் நடந்தது.

அதற்குள் துண்டைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி கையில் வெள்ளாடு. திருமூர்த்தி மாஸ்டரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கோபம் கோபம்தான், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று தரகு கையில் விழும்போது கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். மாஸ்டர் சுட்ட விரலை ஊதிக்கொண்டு உள்ளே போனார்.

பொழுது சாய்ந்தபோது செல்லமுத்து மைக்கில், வாசலை மறித்து நிற்கிற டெம்போவை எடுக்கச் சொல்லி மூன்றாவது தடவையாகக் கத்திக்கொண்டிருந்தார். டெம்போக்காரன் அதற்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் குழாய் கம்பத்திலிருந்து குனிந்து பார்த்தது.

"நண்பரே, இன்றைய விலைகள் என்ன? தெரியுமா உமக்கு?"

"தெரியும்" என்றது துண்டு.

"சொல்லுங்கள். எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறேன்."

சொல்ல ஒன்றுமே இல்லாத காலமெல்லாம் சந்தை அதிரப் பேசிய துண்டு, அன்றைக்குச் சொல்வதற்கு விஷயம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டது.